எண்ணுவதற்கு முன்னால் கழித்தேன்

சுழலும் நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, மேடம். விசாரணை அறை என்றால் கால் ஆடும் மர நாற்காலி ஒன்றைப் போட்டு, முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இது அருமையாகச் சுற்றுகிறது. எங்கள் அலுவலகத்தில் இருந்தது அரைச் சுற்றுக்கே கிறீச்சிடும். நான் அடிக்கடி சுற்றினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மனம் நன்றாக இருக்கும்போது என் உடம்பு ஓரிடத்தில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், நான் சொல்லும் வரிசையில் சொல்ல விடுங்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் இந்த விவகாரம் முழுக்க இருக்கிறது.

எங்கள் மருந்துப் பாதுகாப்பு மையத்தில் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு வரியில் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்வதே எனக்கு ஒரு சந்தோஷம். யாரோ ஒருவர் மாத்திரை போடுகிறார், தலை சுற்றி விழுகிறார். அவருடைய மருத்துவமனை எங்களுக்கு ஒரு புகார் அனுப்புகிறது. அந்தப் புகார் எங்கள் தரவுத்தளத்தில் ஒரு வரி. மாத்திரை டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பேட்ச் எண் இருக்குமே, அதுவும் அந்த வரியில் இருக்கும். இப்படிப் பல வருடங்களாகச் சேர்ந்த கோடிக்கணக்கான வரிகள். தினமும் காலையில் ஓர் அறிக்கை எடுப்போம். எந்தெந்த பேட்ச் மீது இதுவரை மொத்தம் மூன்று புகாராவது வந்திருக்கிறது, அதில் ஒன்றாவது இந்த வாரம் வந்தது? அப்படியென்றால் அந்த பேட்ச் இன்னும் கடையில் இருக்கிறது, இன்னும் ஆளைச் சாய்க்கிறது. எங்கள் டாக்டரம்மா தொலைபேசியை எடுத்து விற்பனையை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான்.

இந்த அறிக்கை வர நாற்பது நிமிடம் ஆகும்.

சிரிக்காதீர்கள் மேடம். டாக்டரம்மா பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பையிலிருந்து கம்பளி நூலை எடுத்து வைத்துக்கொள்வார். அந்தத் தளத்தில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் கழுத்துத் துணி பின்னிக் கொடுத்து முடித்து, அடுத்த தளத்துக்காரர்களுக்கு ஆரம்பித்திருந்தார். தேநீர் இயந்திரத்துக்கு எதிரே அறிக்கைக்காகக் காத்திருந்தே இரண்டு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எனக்கு மட்டும் அந்த நாற்பது நிமிடம் பல்லுக்குள் மாட்டிய நார் மாதிரி. நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

ஏன் அவ்வளவு நேரம் என்று தோண்டிப் பார்த்தேன். தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்விக்கு எங்கள் தொழிலில் குவெரி என்று பெயர். யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த குவெரி அது. அது செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்கே பாவமாக இருக்கும். வீட்டில் உள்ள அத்தனை அலமாரியையும் கவிழ்த்து, அப்பா துணி, அம்மா துணி, பிள்ளை துணி என்று குவியல் குவியலாகப் பிரித்து, எல்லாம் முடிந்த பிறகு, இதில் எந்தக் குவியலில் இந்த வாரத்து அழுக்குத் துணி இருக்கிறது என்று பார்த்து, இல்லாத குவியலைத் திரும்ப அலமாரியில் வைப்பது. தினமும். நான் என்ன செய்தேன்? இந்த வாரத்துத் துணியை மட்டும் முதலில் எடுத்துக்கொள், பிறகு குவியல் போடு என்றேன். அலமாரியைத் தொடவே வேண்டாம். குவித்த பிறகு கழித்துக்கொண்டிருந்த தேதி நிபந்தனையை வெட்டி, குவிப்பதற்கு முன்னால் ஒட்டினேன். ஒரே ஒரு வரி, நாலு வரி மேலே ஏறியது. தேதிக்கு ஓர் இண்டெக்ஸும் போட்டேன், அதாவது எந்தத் தேதிப் புகார் எங்கே இருக்கிறது என்று தேடாமலே போய் நிற்க ஒரு குறுக்கு வழி.

பொத்தானை அழுத்தினேன். விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது.

ஏதோ தப்பு என்று நினைத்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை ஒரு சுற்று சுற்றினேன், அது கிறீச்சிட்டது, இன்னொரு சுற்று சுற்றினேன். சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா பின்னல் ஊசியோடு வந்தார்.

"அடப் பாவி, நான் இப்பத்தானேப்பா உக்காந்தேன்! நூல்கூட இன்னும் கோக்கல."

"இனிமே நீங்க கோக்கவே முடியாதும்மா," என்றேன்.

இயக்குநர் ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை, மூட்டு வலிக்காரர். என் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்கய்யா இருந்தே நீ இத்தனை நாளா?" என்று கேட்டார். ஆறு வருடமாக அவர் அறைக்கு அடுத்த அறையில்தான் இருந்தேன், அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பெயர் மின்னல். லிஃப்டில் மின்னல், உணவகத்தில் மின்னல், வாசலில் வண்டியைப் பார்த்துக்கொள்பவர்கூட "மின்னல் சார், வண்டி நிழல்லதான் இருக்கு" என்பார். ஒரு மனிதனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். இரவுச் சாப்பாடு முழுக்க அதையே சொன்னேன். பாத்திரம் கழுவுவதில்கூட எதை முதலில் கழுவினால் நேரம் மிச்சம் என்று காட்டினேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல மெதுவா இருக்கிறது நானும் எங்க அப்பாவும்தான். எங்களையும் சரி பண்ணிடாதீங்க," என்றாள். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். இதயம் தாறுமாறாகத் துடிக்காமல் இருக்க அவருக்கு ஒரு மாத்திரை, தினமும் இரண்டு வேளை. அந்த மாத்திரையைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது பூதக்கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அவளை நேற்று பார்த்துப் பேசியிருப்பீர்கள். எங்கள் மையத்தின் சோதனையாளர். நாங்கள் எதை எழுதினாலும் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அதனால் அந்தப் பட்டம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கும் என் மாமனாருக்கும் ஒரே வியாதி, ஒரே மாத்திரை. மருந்துக் கடை அவள் வரும் வழியில் இருப்பதால் இரண்டு டப்பாவாக வாங்கி வந்து ஒன்றை என் மேசையில் வைப்பாள். "மாமாவோட மிட்டாய்," என்பாள். அப்படிப்பட்ட பெண்.

அவள் பழைய குவெரியையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் இயக்குநர் பெரிய கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். மற்ற மையங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், மின்னலைக் காட்ட வேண்டும் என்று ஒரே அமர்க்களம். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த நேரம், அவள் வந்து நின்றாள்.

"அண்ணா, பழையதுல ஒரு பேட்ச் கூடுதலா வருது. ஏதோ தோலுக்குத் தடவுற களிம்பு. புதுசுல அதைக் காணோமே."

கோப்பை வாய்க்குப் போவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம் மேடம், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் திறமையைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்.

விஷயம் இதுதான். இந்த வாரத்துத் துணியை மட்டும் எடுத்துக் குவித்தால், குவியலில் இந்த வாரத்துத் துணி மட்டுமே இருக்கும். மொத்தம் மூன்று இருக்கிறதா என்று எண்ண வேண்டியது அலமாரியில் உள்ளதையும் சேர்த்து. நான் எண்ணுவதற்கு முன்னாலேயே பழையதையெல்லாம் கழித்துவிட்டேன். ஒரு பேட்ச் ஒரே வாரத்தில் மூன்று பேரைச் சாய்த்தால் என் குவெரி சட்டென்று பிடித்துவிடும். வாரத்துக்கு ஒருவர், இருவர் என்று நிதானமாகச் சாய்த்தால், வருடம் முழுக்கச் சாய்த்தாலும் அதன் கண்ணில் படாது. எங்கள் தொழிலில் கொஞ்சம் வேகம் ருசித்தவன் யாரும் செய்யக்கூடிய தவறுதான். கெட்டிக்காரன் செய்யும் தவறு என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு மடக்கு குடித்தேன். "அது டூப்ளிகேட்மா," என்றேன். "ஒரே ஆளு மூணு தடவ புகார் குடுத்திருக்கான். பழைய குவெரி ஏமாந்துடுச்சு. புதுசு ஏமாறல."

"நெஜமாவா? ஒரு தடவ வரி வரியாப் பாத்துடறேனே அண்ணா."

"தாராளமாப் பாரு. நாளைக்குக் கூட்டத்துல டைரக்டர் கேட்டா, பூதக்கண்ணாடி இன்னும் பாத்துட்டிருக்கான்னு சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் சாமி!" என்று கும்பிட்டாள். "உங்க மேல நம்பிக்கை இல்லாம வேற யார் மேல?" கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, மின்னலுக்குத் திருஷ்டி கழிப்பதாகச் சொல்லி என் தலையைச் சுற்றி விரலை நெட்டி முறித்தாள். நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

களிம்புதானே மேடம். கொஞ்சம் அரிப்பு, கொஞ்சம் தடிப்பு. அரித்தால் சொறிந்துகொள்ளலாம். அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அதில் தவறு தெரியவில்லை.

கூட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அரங்கம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள். பெரிய திரையில் என் குவெரி. முதலில் பழையதை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டே இருக்க, மேடையில் நின்றபடி ஒரு முழு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றேன். ஒரே சிரிப்பு. பிறகு புதியதை அழுத்தினேன். வந்து நின்றது. முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த கைதட்டல் இருக்கிறதே, ஆஹா. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். பாட்டுக் கச்சேரியில் கேட்பார்களே, அப்படி. நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன், அவர்களும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குஷியில் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஒரு செகண்டுக்கு மேல ஆச்சுன்னா மின்னல்ங்கிற பேரை எடுத்துடுங்க!" என்று சொல்லிவிட்டேன். மற்ற மையங்கள் எல்லாம் அன்றைக்கே என் குவெரியை வாங்கிக்கொண்டு போய்விட்டன.

பழைய அறிக்கையை நான்தான் அழித்தேன். ஒரே வேலைக்கு இரண்டு அறிக்கை இருந்தால் ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

ஆனால் நான் பொறுப்பில்லாதவன் இல்லை, மேடம். இதை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். எனக்கென்று, என் கணினியில் மட்டும், சரியாக எண்ணும் குவெரி ஒன்று வைத்திருந்தேன். எல்லாப் பழைய புகாரையும் சேர்த்து எண்ணுவது. வாரத்தின் முதல் நாள், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் அதை ஓட்டுவேன். மின்னல் எதையெல்லாம் விட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு கண் மருந்து, ஓர் இருமல் மருந்து, வயிற்றுக்கு ஏதோ ஒன்று. பார்த்துவிட்டு மூடிவிடுவேன். யாராவது ஒருவராவது உண்மை நிலவரத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதானே.

ஒரு நாள் அதில் மாமனாரின் மாத்திரை வந்தது.

பேட்ச் எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவின் எண். புகார்களைத் திறந்து படித்தேன். குளியலறையில் மயங்கி விழுந்தவர், பேருந்தில் ஏறும்போது சரிந்தவர், நாடி இறங்கிக்கொண்டே போய்த் தூக்கத்திலேயே நின்றுபோனவர். மாத்திரை தயாரித்த இடத்தில் அளவு தவறியிருக்க வேண்டும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு மருத்துவமனை. ஒரு வாரம் ஒருவர், அடுத்த வாரம் இருவர், மூன்றாவது ஆள் மட்டும் ஒரு வாரத்திலும் சேரவே இல்லை. முண்டியடிக்காமல், ஒருவர் மேல் ஒருவர் விழாமல், வரிசையில் நின்று வந்தவர்கள் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. அந்த ஒழுங்கை நான் கொஞ்ச நேரம் ரசித்தேன் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் உண்மையைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் பறந்தேன். டப்பாவைக் குழாய்க்கு அடியில் பிடித்து நன்றாக நனைத்தேன். வேறு கடைக்குப் போய், எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, வேறு பேட்ச் வாங்கி வந்து வைத்தேன். மனைவி நனைந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன கூத்து?" என்றாள். கூஜா கவிழ்ந்துவிட்டது என்றேன்.

மாமனார் பெரிய மனிதர், எதையும் வீணாக்கப் பிடிக்காது. "மாப்பிள்ளை, மாத்திரை தண்ணில விழுந்தா என்ன? எப்படியும் தண்ணியோடதானே முழுங்கப் போறேன்," என்றார்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு குடும்பத் தலைவன் தன் வீட்டாரைக் காப்பாற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து சிரிக்கிறான். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் மனம் நிறைந்துவிடுகிறது.

மறுநாள் காலை பூதக்கண்ணாடி என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போறேன். கடைக்காரர் மாமாவுக்கும் சேத்தே எடுத்து வெச்சிருக்காராம். இந்த டப்பா வந்த அதே பெட்டிதான், இன்னும் நெறைய இருக்காம்."

"வேண்டாம்மா. இனிமே உங்க அண்ணியே வாங்கிக்கறாளாம்."

"ஏன் அண்ணா, நான் ஏதாவது லேட் பண்ணிட்டேனா?"

"சேச்சே. அவளுக்கும் கொஞ்சம் நடந்த மாதிரி இருக்கும்ல."

"சரிண்ணா," என்று போய்விட்டாள். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு தெருவைக் கடந்து கடைக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். சொன்னால் அவள் என்ன செய்வாள்? உங்களுக்கு எப்படி அண்ணா தெரியும் என்பாள். அறிக்கையில் அது இல்லையே என்பாள். பூதக்கண்ணாடி அல்லவா, இரண்டே கேள்வியில் குவெரியின் அடிமடியில் கைவைத்துவிடுவாள். அதில் இருப்பது யார் கையெழுத்து? அவளுடையது. தான் கையெழுத்துப் போட்ட அறிக்கையால் இத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண் உடைந்துபோயிருக்க மாட்டாளா? அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவள் முகம் வாடத் தொடங்கியது. "நேத்து அம்மா குளிக்கப் போனவங்க கதவப் புடிச்சுக்கிட்டே அப்படியே உக்காந்துட்டாங்க அண்ணா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மாத்திரை சரியாத்தான் போடறாங்க. டாக்டர் இன்னும் ஒரு வேளை கூட்டிப் போடச் சொல்லியிருக்காரு."

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா," என்றேன்.

"மாத்திரைலதான் ஏதாவது கோளாறோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. நம்ம ரிப்போர்ட்லயே போட்டுப் பாத்தேன். அந்த பேட்ச் வரவே இல்ல. மாத்திரை நல்ல மாத்திரைதான். அதுவரைக்கும் ஒரு நிம்மதி."

மேடம், நான் சொல்ல வருவதை நீங்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய அறிக்கையாக இருந்திருந்தால் அவள் நாற்பது நிமிடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னுடையது கண் இமைப்பதற்குள் அவளுக்கு நிம்மதியைக் கொடுத்தது. அவள் முகம் தெளிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எழுதியவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "பாத்தியா, மின்னல்," என்றேன். அவளும் சிரித்துவிட்டு, ஒரு வேளையைக் கூட்டிக் கொடுக்கத்தான் போனாள்.

அந்த அம்மா ஒரு மத்தியான வேளையில் போய்ச் சேர்ந்தார்கள். சமையலறையில் அடுப்பை அணைக்கக் கை நீட்டியவர்கள்.

துக்க வீட்டில் நான் நன்றாகவே பயன்பட்டேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சின்ன வீடு, குறுகலான மாடிப்படி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். வயதானவர்களை மட்டும் முதலில் பிரித்துக் கீழே உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்கதவு வழியாகத் திருப்பிவிட்டேன். நெரிசல் சட்டென்று கலைந்தது. மாமனார்கூட, "எங்க மாப்பிள்ளை கைவெச்சா எதுவும் ஓடிடும்," என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நன்றாக இருக்கிறார் மேடம், கேட்டதற்கு நன்றி. தினமும் காலையில் நடக்கப் போகிறார்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அண்ணா, நான் எதையாவது பாக்காம விட்டுட்டேனா? எல்லாத்தையும் பாப்பேனே, இதை எப்படி விட்டேன்?"

"நீ எதையும் விடலம்மா," என்றேன். அது சத்தியமான உண்மை. என் சட்டையின் தோள்பட்டை அவள் கண்ணீரால் நனைந்திருந்தது. எனக்கும் துக்கம் இருந்தது, இல்லாமலா? சொந்தத் தங்கை மாதிரி அவள்.

அடுத்து நடந்ததுதான் அற்புதம். மருத்துவமனை அவள் அம்மாவின் பெயரில் ஒரு புகார் அனுப்பியது. அதே வாரம் வேறு இரண்டு இடங்களிலிருந்தும் வந்தன. ஒரே வாரத்தில் மூன்று. டாக்டரம்மா காலையில் பொத்தானை அழுத்தினார், பேட்ச் எண் பளிச்சென்று முதல் வரியில் வந்து நின்றது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டது பார்த்தீர்களா? ஒரு விநாடிகூட ஆகவில்லை. அந்த மாத்திரையை அன்று மத்தியானத்துக்குள் எல்லாக் கடைகளிலிருந்தும் எடுக்கவைத்தது என்னுடைய குவெரிதான். உங்கள் குற்றப்பத்திரிகையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

டாக்டரம்மா அந்த பேட்ச்சின் முழு விவரத்தையும் கேட்டார். பழைய புகார்கள் பக்கம் பக்கமாக வந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பூதக்கண்ணாடி துக்க விடுப்பை முடித்துக்கொண்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். என் குவெரியை எடுத்து வரி வரியாகப் பார்த்தாள், முன்பு பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்க்காமல் விட்டாளே, அதை. பிறகு தரவுத்தளத்தின் பதிவுகளைத் திறந்தாள். யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று அது தானாகக் குறித்துவைக்கும். வாராவாரம் என் பெயரில், சரியாக எண்ணும் குவெரி ஓடியிருந்தது. அதை அழிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அழகாக எழுதியதை யார் அழிப்பார்கள்?

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "மாமா எந்த பேட்ச் சாப்பிடறாரு?" என்று மட்டும் கேட்டாள். அண்ணா என்று சேர்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பதினேழு மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் நீங்கள் எல்லோரையும் ஒரே குவியலாகப் போட்டு எண்ணியிருக்கிறீர்கள். எழுபது வயது தாண்டியவர்களை முதலிலேயே கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள், ஐந்துதான் வரும். வேறு வியாதியும் இருந்தவர்களைக் கழித்தால் இரண்டு. எதை முதலில் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சும்மா ஒரு யோசனைதான்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்தச் சரியான குவெரி ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று. எல்லோரும் நாற்பது நிமிடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை நேரம் யார் காத்திருப்பார்கள், பாவம் மின்னலும் என்ன செய்வான் என்று இயக்குநர்கூட எனக்காகப் பரிந்து பேசினாராம். நான் அவரைத் திருத்தவில்லை. இல்லை மேடம், நாற்பது நிமிடம் இல்லை. இந்த வாரம் புகார் வந்த பேட்ச் எண்களை மட்டும் முதலில் பொறுக்கிக்கொண்டு, அந்த எண்களுக்கு மட்டும் பழைய புகார்களை எடுத்து எண்ணினால் போதும். ஒன்றும் விடுபடாது. கூட்டத்துக்கு முந்தின நாள், அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கையோடு எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டேன். பதினோரு விநாடி ஆனது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மறுநாள் மேடையில் அதையா காட்டுவது? பதினோரு விநாடி ஓர் அரங்கம் முழுக்க உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சொன்னால் புரியாது. அதோ சுவரில் கடிகாரம் இருக்கிறது. பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு, என் முன்னால் பதினோரு விநாடி உட்கார்ந்து பாருங்கள்.

பார்த்தீர்களா, பாதிகூட ஆகவில்லை, உங்களாலேயே உட்கார முடியாமல் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டீர்கள்.